சாவி எங்கே என்று அப்பா கேட்டது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். உன் இருமல் எப்படி இருக்கிறது? ஒன்றுமில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. நீ பொய் சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை அம்மா என்பாய், அது உனக்கே தெரியாது. வெந்நீர் குடி, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் தட்டினால் நான் நினைக்கிற எழுத்துக்குப் பக்கத்து எழுத்துதான் விழுகிறது, போன தடவை உனக்கு "சளி எப்படி" என்று கேட்கப் போய் "கிளி எப்படி" என்று அனுப்பினேன், நீயும் கிளி நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டாய். பேசலாம் என்றால் அப்பா கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பேச்சுதான் வரவில்லையே தவிர காது பாம்புக் காது, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் முகம் சுருங்கிவிடும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் சாயங்காலம் இறங்கி வரும்போது படம் எடுத்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறார். பொறுமையாகப் படி, அலுவலகத்தில் நின்றுகொண்டே படிக்காதே.

நீ போன வாரம் கேட்டாய், அப்பா ஏன் போனுக்கு வருவதில்லை, நான் திரும்பி வேலைக்குப் போனதில் கோபமா, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, அதெல்லாம் இல்லை என்று மழுப்பினேன், நீ அழுததும் எனக்குக் கேட்டது. இப்போது பதில் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அது நேராக என் வாயில் வராது, நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரும், ஏனென்றால் எனக்கே அந்த வழியாகத்தான் வந்தது.

நீ கல்லூரி படித்தபோது வாங்கிய அந்தப் பெட்டியை நீ வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதுகூட தூக்கிப் போடச் சொன்னாய், நான்தான் துணி போட்டு மூடி வைத்தேன். அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, ஆஸ்பத்திரிப் பேச்சு டீச்சர் ஒரு சிடி கொடுத்தார், பயிற்சி எல்லாம் அதில்தான் இருக்கிறது. திரையில் ஒரு படம் வரும், இது என்ன என்று ஒரு பெண் குரல் கேட்கும், சொல்லும்வரை சும்மா காத்திருக்கும். அப்பாவைப் பார்க்க வந்தபோது நீ கொண்டுவந்திருந்த புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை, போனிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது என்று டீச்சர் காட்டினார், அதை அப்பா திரும்பியும் பார்க்கவில்லை. பிடித்த பிடி இந்தப் பெட்டிதான். காரணம் கேட்டால் சிரிப்பாய். நான் பக்கத்தில் இருந்தால் அவர் ஒரு சொல்லைத் தேடும்போதே நாற்காலியா, தண்ணியா, மாத்திரையா என்று நாலு சொல்லை எடுத்து அவர் வாயில் திணித்துவிடுவேன். அந்தப் பெட்டிக்கு அவசரமே கிடையாது. மனுஷனிடம் பேசாதவர் அதனிடம் மட்டும் தினமும் காலையில் பேசினார். உனக்குத் தெரியுமே, அவர் வாய் ஓயாத மனுஷன். தையல் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காக இருந்தபோது தையல் மெஷினோடுகூடப் பேசுவார், என்னடி கண்ணு நூலை அறுக்கிறே என்று. அங்கேயே செக்கிங் டேபிளில் துணி சரிபார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. அப்படிப்பட்டவர் வாயில் மிஞ்சியது கொஞ்சம் சொற்கள், அவையும் இடம் மாறிக் கிடந்தன.

அந்தச் சொற்களில் ஒன்றுதான் சாவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து சாவி எங்க, சாவி எங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆணியில் தொங்குகிறது என்று காட்டினேன், கையில் கொடுத்தேன், தூக்கிப் போட்டார். சாவி வருமா என்றார். தனியாக வெளியே கிளம்பிவிடப் போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, வாசல் சாவி, பீரோ சாவி, மேஜை இழுப்பறைச் சாவி எல்லாவற்றையும் சுருட்டி சமையல்கட்டில் ஒளித்து வைத்தேன். ஒளித்த இடம் எனக்கே மறந்து, உன் அத்தை பார்க்க வந்த அன்றைக்கு பீரோவைத் திறக்க முடியாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது. அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. வாதம் வந்தவர்களுக்கு அப்படித்தான் காரணமில்லாமல் வரும் என்று அத்தை சொன்னாள், நானும் தலையாட்டினேன்.

உனக்கும் நினைவிருக்கும், ஒரே ஒரு நாள் போனை வாங்கினாரே. சாவி எங்க, சாவி என்று கேட்டார். நீ என்ன செய்வாய் பாவம், ஆணியிலதான் இருக்கும், அம்மாகிட்ட கேளுங்கப்பா என்றாய். போனை என் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்றையிலிருந்துதான் போன் அடித்தால் எழுந்து உள்ளே போகிறார். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய், எனக்கும் வேறு பெயர் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டரும் காலை வாரியது. ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தினால் சிடி போடுகிற தட்டு வெளியே வரவில்லை. உள்ளே கிர் என்று ஒரு சத்தம், ஒரு முனகல், அவ்வளவுதான். அப்பா மறுபடி அழுத்தினார், மறுபடி கிர். அவரிடம் மிச்சமிருந்த ஒரே பேச்சுத் துணையும் வாயை மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, இந்த வயசுக்கு இது இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு, வேற சிடி டிரைவ் தேடிப் பார்க்கிறேன், கிடைச்சா சொல்றேன் என்று போனார், போனவர் போனவர்தான். கணக்கு வாத்தியார் வந்து, பொத்தானுக்குப் பக்கத்தில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை இருக்கும், கரண்ட்டை நிறுத்திவிட்டு அதில் கம்பியை விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வரும் என்றார். காகிதம் கோக்கிற கிளிப்பை நீட்டி விட்டேன், வந்தது. ஆகா என்று மறுபடி உள்ளே தள்ளினேன், அன்றைக்குப் பயிற்சி நடந்தது. மறுநாள் திரும்பவும் அதே கிர். தினமும் கம்பியால் குத்திக் குத்தி ஒரு நாள் கம்பிக்கும் மசியவில்லை. லென்ஸில் தூசி இருக்கும் என்று வாத்தியார் சொன்னதைக் கேட்டு, தட்டு வெளியே வந்த நாளிலேயே அதையும் மெல்லிய துணியால் துடைத்திருந்தேன். கதவு திறக்காத வீட்டில் ஜன்னலைத் துடைத்து என்ன பயன்.

அப்போதுதான் அப்பா செருப்பு என்றார். எங்கேயோ கிளம்புகிறாராக்கும் என்று செருப்பைக் கொண்டுவந்து காலில் மாட்டினேன், வெயில் தாழட்டும் அப்புறம் வாசல்வரை போகலாம் என்று சமாதானமும் சொன்னேன். காலை உதறினார், ஒரு செருப்பு கதவோரம் போய் விழுந்தது. செருப்பு, செருப்பு என்று கம்ப்யூட்டரைக் காட்டிச் சொன்னார். எனக்கும் கோபம் வந்துவிட்டது, பொய் சொல்வானேன், கம்ப்யூட்டருக்கு எதற்குச் செருப்பு, அதற்குக் கால் இருக்கிறதா, நான் ஒருத்தி கிடந்து அல்லாடுவது போதாதா என்று கத்தினேன். அவரோ இடது கையால் நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்துப் போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து என் மடியில் போட்டார். பின்னால் குதிகாலைப் பிடிக்கிற வார் தொளதொளத்துப் போயிருந்தது, நான் எத்தனையோ நாளாகத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த செருப்பு அது. அந்த வாரைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்து விட்டார். இழுத்தால் நீண்டது, விட்டால் திரும்பாமல் தொங்கியது. நான் செருப்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். வாரா என்று கேட்டேன். கண்ணை மூடி, மூச்சு விட்டு, வார் என்றார். அவ்வளவு தெளிவாக அவர் ஒரு சொல் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது.

தையல் மெஷினுக்கு வார், அதாவது பெல்ட், தளர்ந்தால் சக்கரம் சுற்றும், ஊசி நகராது, சத்தம் மட்டும் வரும், அது எனக்கும் தெரிந்த சங்கதிதான். அதே வியாதி இதற்கும் இருக்கும் என்று அவர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். வார் என்ற சொல்தான் கிடைக்கவில்லை, கிடைக்காததால் அதற்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கூட்டி வந்திருக்கிறார். நான் என்னடாவென்றால் வந்த விருந்தாளியைக் காலில் மாட்டி அனுப்பப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் மெஷின் ரிப்பேருக்கு வைத்திருந்த பழைய கருவிப் பையை எடுத்து வந்தோம். மூளை அவருடையது, கை என்னுடையது. கரண்ட் வயரைப் பிடுங்கினேன், பக்கத்து மூடியைக் கழற்றினேன், டிரைவை வெளியே இழுத்தேன், நான் தப்பான திருகில் கை வைத்தால் மேஜையை ஒரு தட்டு, சரியான திருகில் வைத்தால் ம். முன்மூடியைக் கழற்றித் தட்டை எடுத்தால், அடியில் இரண்டு சின்னச் சக்கரத்தை இணைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு ரப்பர் வளையம், குழந்தைகள் தலையில் போடுகிற ரப்பர் பேண்டைவிடச் சின்னது. இத்தனை பாடும் அந்தத் துளிக்காக. ஊக்கு முனையால் தூக்கி எடுத்தேன், எண்ணெய்ப் பிசுக்கேறி வழுக்கியது. இப்போது அப்பா குளிப்பாட்டு என்றார். போன வாரமாக இருந்தால் வாளியில் வெந்நீர் விளாவி, துண்டும் கையுமாக அவர் முன்னால் நின்றிருப்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். குளிப்பாட்டு என்றால் வெந்நீர். யாருக்கு? கையிலிருக்கிற வாருக்கு. வெந்நீரிலா போடணும் என்றேன். ம் என்று அவர் சிரித்தார் பார், வாய் ஒரு பக்கம்தான் ஏறியது, ஆனாலும் அது அவருடைய பழைய சிரிப்பேதான். அடுப்பில் சின்னப் பாத்திரத்தை வைத்து முட்டை வேகவைக்கிற மாதிரி அந்த ரப்பரை வேகவைத்தேன். சூட்டில் அது கொஞ்சம் சுருங்கி இறுகுமாம். துடைத்து, காயவைத்து, பழையபடி மாட்டி, வயரைச் செருகிப் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். தட்டு பவ்வியமாக வெளியே வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதை உள்ளே தள்ளி வெளியே வரவைத்து, உள்ளே தள்ளி வெளியே வரவைத்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடினோம். வேகவைத்த வார் ரொம்ப நாள் தாங்காது, புதிதாக வாங்கி மாட்ட வேண்டும், கிடைக்குமா என்று நீயும் அங்கே விசாரித்து வை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். சிடியைப் போட்டதும் பயிற்சி வந்தது. எப்போதும் அவர் பயிற்சி செய்யும்போது நான் சமையல்கட்டில் இருப்பேன், அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மரம் வந்தது, மரம் என்றார். குடை வந்தது, மழை என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்தது ஒரு சாவியின் படம். இது என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். இதைத்தானே விடிந்தால் அடைந்தால் ஜபிக்கிறார், இதையாவது டக்கென்று சொல்லிவிடுவார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா கொஞ்சமும் சந்தேகமில்லாமல், பூட்டு என்றார். மறுபடி கேட்டாள், மறுபடி பூட்டு.

சாவியைப் பார்த்தால் இவர் பூட்டு என்கிறார். அப்படியானால் சாவி, சாவி என்று இவ்வளவு நாளாக இவர் கேட்டது எதை? காலையில்தான் செருப்பு பாடம் படித்திருந்தேன், அதனால் கேட்கத் தைரியம் வந்தது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அவருக்கு நேராக உட்கார்ந்து, ஏங்க, நீங்க சாவின்னு கேக்குறீங்களே, அது பூட்டைத் திறக்குறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். வீட்டுல இருக்கா என்றேன். இல்லை. அப்புறம் எங்க இருக்கு என்றேன். இடது கையைத் தூக்கி மேஜைமேல் கிடந்த போனைக் காட்டினார். காட்டிவிட்டு, சாவி சாப்ட்டுச்சா என்றார்.

உன்னை அவர் என்றைக்கு அம்மா, மகளே என்று கூப்பிட்டிருக்கிறார்? பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு வைத்த பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிறந்த அன்றிலிருந்து வா சாமி, போ சாமி, சாப்ட்டியா சாமி, அது ஒன்றுதான். அதில் மி என்ற ஒரு எழுத்துதான் நழுவி வி ஆகிப் போயிருக்கிறது. வாருக்குப் பக்கத்து வீடுவரை போனவர், உனக்கு ஒரே ஓர் எழுத்துதான் தள்ளிப் போயிருக்கிறார், நாம்தான் அதற்குள் ஆணியையும் பீரோவையும் தேடிக்கொண்டிருந்தோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதற்கு நானே சாட்சி. சாமியா என்று கேட்டேன். அப்படியே என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம். காரணமில்லாமல் கண்ணீர் வரும் என்று அத்தை சொன்னாளே, காரணம் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

இப்போது புரிகிறதா உனக்கு? அவருக்குக் கோபமில்லை. உன்னைப் போனிலேயே வைத்துக்கொண்டு உன்னையே எங்கே என்று கேட்டார், நாம் அவரை ஆணிக்கு அனுப்பினோம். தன் மகளைக் கூப்பிட்டால் மகளுக்கே புரியவில்லை என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும். அதனால்தான் போன் அடித்தால் எழுந்து போனார். உன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, நீ அதை நினைத்து மருகாதே. பேச்சு டீச்சரிடம் சொன்னேன், அவர் அப்பாவைவிட என்னைத்தான் மெச்சிக்கொண்டார், சொல்லை எடுத்துக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டதற்காக. சாமி என்று திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், அவசரப்படுத்தாதீங்க என்றார். வராவிட்டால் போகட்டும், சாவி என்ற பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது, என்னைத் தண்ணி என்கிறார், நான் பொறுத்துக்கொள்ளவில்லையா.

வேலையை விட்டுவிட்டு வருகிற பேச்சை விடு. விடுமுறை கிடைக்கும்போது வா, வந்து நிம்மதியாக இரு, ஆனால் தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஓடி வராதே, அப்படி வந்தால் அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று கணக்குக் காட்டாதே. உடம்புக்கு ஒன்றும் வராமல், மனசுக்கு ஒரு குறையும் இல்லாமல், போன இடத்தில் நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் நினைக்கிறார், அதைச் சொல்ல அவருக்குச் சொல் தேவையில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை, உனக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம், அவரே உனக்குப் போன் போடுவதாக ஏற்பாடு. இரண்டு நாளாக அதற்கென்று சட்டையை மாற்றி மாற்றிப் பார்க்கிறார், போனில் சட்டை தெரியாது என்று நானும் சொல்லவில்லை. எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, மூச்சுதான் கேட்கும், நீ வைத்துவிடாதே, ஹலோ ஹலோ என்று துரத்தாதே. எழுத்தைத் திருத்தாதே. சாவி எங்க என்று கேட்பார். இங்கதான் இருக்கேன்பா என்று சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா